எட்டாவது நிழல்

“கொஞ்ச நாளைக்கு அப்பா கண்ணுல படாம இருடீ.”

“கொஞ்ச நாள்னா எத்தனை நாள்மா?”

“அவர் மனசு ஆறட்டும். ஆறினதும் நானே கூப்பிடறேன்.”

“மறந்துட மாட்டியே?”

“பெத்தவ மறப்பாளாடீ? போய்ட்டு வா.”

ஆறு வருடங்களுக்கு முன்பு பொன்மலை வீட்டு ஹாலில் நின்றுகொண்டு பேசியது இது. முல்லையின் தோளில் பை இருந்தது. அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டபடி, குரலை உயர்த்தாமல், தூங்கப் போகும் பிள்ளையிடம் பேசுவது போலத்தான் சுகந்தி அதைச் சொன்னாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. சுவரில் டிவி மட்டும் இருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் முல்லையின் அப்பா இளங்கோவன் அதே ஹாலில் நின்று கத்தியிருந்தார். இனி அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன் என்று கத்தியதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் வந்து, இனிமேல் பெண் அரை டிராயர் போட்டுக்கொண்டு ரோட்டில் நடக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்றார்கள். அப்படியானால் கல்யாணம் வேண்டாம் என்று முல்லை காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எந்த மஞ்சள் பையில் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு வீடு வீடாக அழைத்தாரோ, அதே பையைக் கையில் பிடித்துக்கொண்டு அறுபது வீடுகளுக்குப் போய், கல்யாணம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார் இளங்கோவன். பை காலியாக இருந்தது. அதை எதற்கு எடுத்துப் போனார் என்று சுகந்தி இன்றுவரை கேட்கவில்லை.

முல்லை வேகநடை வீராங்கனை. ஓடக் கூடாது, நடக்க வேண்டும். எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். பெங்களூர் பயிற்சி முகாமுக்குப் போனவள் அங்கேயே வேலையும் தேடிக்கொண்டு தங்கிவிட்டாள். வாரத்துக்கு இரண்டு முறை போன் வரும். போன் அடித்ததும் சுகந்தி சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். முதல் வருடம் ஒவ்வொரு போனிலும் முல்லை, “இப்ப வரலாமாம்மா?” என்று கேட்டாள். இரண்டாம் வருடம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். சுகந்தியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் மனசு ஆறிவிட்டதா என்று அவரிடமே கேட்க வேண்டும். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாதே என்கிற பயம்.

முல்லை கேட்கத் தவறாத கேள்வி ஒன்று மட்டும் உண்டு. ஒவ்வொரு பெரிய போட்டி முடிந்ததும் அவள் கேட்பாள்.

“டிவில காட்டினானாம்மா?”

“எங்கே காட்டறான் அந்த டிவிக்காரன்,” என்பாள் சுகந்தி.

ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. டிவிக்காரன் என்று ஒருவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே வெறுப்பேற்றுவதாக எல்லோரும் திட்டினார்கள். உண்மையில் அப்படி ஒருவன் இல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மைதானத்தில் ஆயிரக்கணக்கான கேமராக்கள் எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளும். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற இல்லத்திரை, அந்த வீட்டில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அவர்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரிந்துகொண்டு, அவர்களுக்கென்று தனியாக ஒரு ஒளிபரப்பைத் தைத்துக் கொடுக்கும். ஒரே போட்டியை இரண்டு வீடுகளில் ஒரே மாதிரி பார்க்க முடியாது.

அது தைத்துக் கொடுத்த சட்டை யாருக்கும் சரியாக இருந்ததில்லை. பக்கத்து வீட்டு ரோஸ்லினின் கணவருக்குக் கால்பந்து பிடிக்கும் என்பதால், நீச்சல் கேட்டாலும் வில்வித்தை கேட்டாலும் அந்த வீட்டில் இரண்டு நிமிடத்தில் பந்து உருண்டு வந்துவிடும். சுகந்தி ஒருமுறை, தோற்றுப்போய் அழுத பளுதூக்கும் பெண் ஒருத்தியைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டிவிட்டாள். அன்றிலிருந்து உலகத்தின் எந்த மூலையில் யார் தோற்று அழுதாலும் அவள் வீட்டு ஹாலில் வந்து அழுதார்கள். யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொள்ள ரோஸ்லினைத்தான் கேட்க வேண்டும். அவளுக்கும் தெரியாது.

ஆகவே வேகநடையைச் சரியாகக் காட்டுவதில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போட்டிகள் நடக்கும் நாட்களில் இளங்கோவன் மட்டும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து “நடை” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். ரயில்வே பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் சத்தத்துக்கு நடுவே அப்படித்தான் பேசிப் பழகியிருந்தார். மகள் பெயரை அவர் உச்சரித்து ஆறு வருடம் ஆகிறது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “காட்டறானா?” என்று சுகந்தி கேட்பாள். “எங்கே,” என்பார். அவ்வளவுதான் பேச்சு.

இந்த முறை உலகத் தடகளப் போட்டி நைரோபியில் நடந்தது. முந்தாநாள் போனில் முல்லை சொல்லியிருந்தாள்.

“இதுதான்மா கடைசி. முட்டி போதும்னுடுச்சு. முப்பத்திரண்டு வயசுக்கு இவ்வளவு நடந்ததே பெரிசு.”

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சுகந்தி அழுதுவிட்டாள். இந்த ஒரு முறையாவது அவர் தன் மகளைப் பார்த்துவிட வேண்டும். நடக்கிற அழகைப் பார்த்தால் போதும், மீதி தானாகச் சரியாகிவிடும். ஆறு வருடமாக அவள் வாய்விட்டுக் கேட்காததை ஒன்றரை மணி நேரப் போட்டி கேட்டு வாங்கிக் கொடுத்துவிடும் என்று அவள் நம்பினாள்.

காலை பத்து மணிக்குப் போட்டி. அங்கே ஏழரை. அன்றைக்குச் சுகந்தி சமையலறைக்குப் போகவில்லை. பீன்ஸையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு ஹாலிலேயே வந்து உட்கார்ந்தாள். இளங்கோவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“நடை,” என்றார் திரையிடம்.

இருபது கிலோமீட்டர். அரை கிலோமீட்டர் நீளத் தெருவில் போய்த் திரும்பி வந்தால் ஒரு சுற்று; அப்படி இருபது சுற்று. தொடக்கத்தைக் காட்டியது; நாற்பது பெண்கள் தூரத்தில் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். உடனே நைரோபி பூங்காவில் ஒட்டகச்சிவிங்கி இலை தின்றது. பிறகு நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினார்கள். எங்கோ தகுதிச் சுற்றில் தோற்ற ஒரு பையன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான்.

“இவனை யாரு கேட்டா?” என்றாள் சுகந்தி.

“உன்னாலதான் வர்றான்,” என்றார் இளங்கோவன்.

ஆறாவது சுற்றில் திரை மறுபடி தெருவுக்குப் போனது. முன்னணியில் ஒரு கூட்டம் பிரிந்திருந்தது. காலை வெயில் சாய்வாக விழ, அவர்களுடைய நிழல்கள் அவர்களைவிட மூன்று மடங்கு நீளமாகத் தரையில் நடந்தன. சுகந்தி தன் மகளைத் தேடினாள். சீனத்துப் பெண்கள் இருவர், ஸ்பெயின் நாட்டுப் பெண் ஒருத்தி, இன்னும் நான்கு பேர். ஏழு பேரில் முல்லை இல்லை. பின்னால் தங்கிவிட்டாளோ என்று நினைத்தபோது அவள் கண் தரைக்குப் போனது.

மூன்றாவதாக நடந்தவளுக்கும் நான்காவதாக நடந்தவளுக்கும் நடுவில் ஒரு ஆள் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் யாரும் இல்லை. ஆனால் அந்த இடத்திலிருந்து ஒரு நிழல் நீண்டிருந்தது. சுகந்தி எண்ணிப் பார்த்தாள். ஆட்கள் ஏழு. நிழல்கள் எட்டு.

அந்த எட்டாவது நிழலின் இடது முழங்கை மற்றவர்களைவிடக் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு ஆடியது.

ஒன்பது வயதில் முல்லை சைக்கிளிலிருந்து விழுந்து முறித்துக்கொண்ட கை அது. கட்டுப் பிரித்த பிறகும் முழுதாக மடங்கவில்லை. தலை வாரிக்கொள்ளும்போதெல்லாம் கதவில் இடித்துக்கொள்ளும் முழங்கை.

பீன்ஸ் தட்டு கவிழ்ந்தது. அதற்குள் திரை ஒட்டகச்சிவிங்கிக்குத் திரும்பிவிட்டது. இளங்கோவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பீன்ஸைப் பொறுக்கினார். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்கச் சுகந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூஞ்சியில முழிக்க மாட்டேன் என்று இந்த மனிதர் கத்திய கத்தலைத்தான் அந்தப் பாழாய்ப்போன பெட்டி உத்தரவாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆறு வருடமாக அவள் மகளை அவள் வீட்டிலிருந்தே அழித்து அழித்துக் காட்டியிருக்கிறது. தமிழ் தெரியும், கோபம் தெரியாது அதற்கு.

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். இல்லத்திரையின் உதவி மையத்தில் வீணை இசையைக் கேட்டபடி இருபது நிமிடம் காத்திருந்தாள். அந்த இருபது நிமிடத்தில் முல்லை நான்கு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்பாள் என்று தோன்றியது. கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. பெனசிர் என்று பெயர் சொன்னாள். சுகந்தி சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள்.

“உங்க வீட்டுக் குறிப்பைப் பார்க்கிறேன் மேடம். ஆமா, ஒரு நிரந்தர விருப்பம் பதிவாகியிருக்கு. அதனாலதான் உங்க பொண்ணு தெரியலை.”

“என் வீட்டுக்காரர் கோபத்துல கத்தினது அது. அதைப் போயா எடுத்துக்கறது?”

“முழிக்க மாட்டேன்னு சொன்னாரே, அதுவா? அது மூணு நாள்ல தானா அழிஞ்சிடுச்சு மேடம். கோபத்துல சொல்றதை எல்லாம் எடுத்துக்கிட்டா எந்த வீட்லயும் டிவியே ஓடாது.”

“அப்போ இது?”

பதிவைப் போட்டுக் காட்டட்டுமா என்று பெனசிர் கேட்டாள். பிறகு போனில் சுகந்தியின் சொந்தக் குரல் வந்தது. ஆறு வருடம் இளமையான, நிதானமான, பிரியம் நிறைந்த குரல்.

கொஞ்ச நாளைக்கு அப்பா கண்ணுல படாம இருடீ.

கதவு சாத்தியிருக்கிறதா என்று சுகந்தி திரும்பிப் பார்த்தாள்.

“அமைதியா, அக்கறையா சொல்றதைத்தான் மேடம் அது நிரந்தரமா எடுத்துக்கும்,” என்றாள் பெனசிர். “எத்தனை நாள்னு நீங்க சொல்லலை. அதனால நீங்களே மாத்திச் சொல்ற வரைக்கும்னு வச்சுக்கிட்டிருக்கு. அப்பா கண்ணுல படக் கூடாதுன்னா, அவர் எந்தத் திரை முன்னால உக்காந்தாலும் தெரியாது. உங்க போனும் சார் பேர்லதான் இருக்கு, அதுலயும் தெரிஞ்சிருக்காது.”

“நிழல் தெரியுதே.”

“அது ஒரு பழைய பிழை. ஆளை எடுத்துடும், நிழலைத் தரையோட சேர்ந்ததுன்னு நினைச்சு விட்டுடும். மத்த வீடுகள்ல எல்லாம் சரி பண்ணியாச்சு.” அவள் குரல் மாறியது. “உங்க வீட்ல மட்டும் சரி பண்ண வேணாம்னு சார் எழுதியிருக்காரு.”

“எந்த சார்?”

“இளங்கோவன் சார். உங்க வீட்லேர்ந்து பதினோரு புகார் வந்திருக்கு மேடம். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று சுகந்தி சொல்லவில்லை. படியுங்கள் என்றாள். வேகநடையை முழுமையாக ஒளிபரப்பும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று முதல் புகார் இருந்தது. இந்திய வீராங்கனைகள் பங்கேற்கும்போது ஏன் வேறு காட்சிக்கு மாறுகிறீர்கள் என்று அடுத்தது. பணிமனையில் குறிப்பு எழுதுகிற அதே விறைப்பான நடை. எதிலும் முல்லையின் பெயர் இல்லை. பதினோராவதைப் பெனசிர் மெதுவாகப் படித்தாள்.

“படத்தில் ஒரு பிழை இருக்கிறது. ஆள் இல்லாத இடத்தில் ஒரு நிழல் மட்டும் வருகிறது. தயவுசெய்து அதைச் சரிசெய்துவிட வேண்டாம்.”

சமையலறை ஜன்னலுக்கு வெளியே ரோஸ்லின் வீட்டில் யாரோ கோல் போட்ட சத்தம் கேட்டது. சுகந்தி முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள். பிறகு, இதை எப்படி மாற்றுவது என்று கேட்டாள்.

“சொன்ன குரலே மாத்திச் சொல்லணும். ஹால்ல, திரை முன்னால. ஆனா நிதானமா சொல்லணும். அழுதுகிட்டுச் சொன்னா எடுத்துக்காது. இப்பச் சொன்னாலும் நாளைக்குக் காலைலதான் மாறும்.”

“இப்ப நடக்கிறதுதான்மா அவளோட கடைசிப் போட்டி.”

“என் கையில இல்லை மேடம்.”

“வேற யார் கையில இருக்கு? அவங்ககிட்ட குடு.”

“நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு,” என்றாள் பெனசிர். “அப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை.” பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, “பக்கத்து வீட்டுக்குப் போங்க ஆன்ட்டி. நீங்க மட்டும் போனா தெரியும்,” என்றாள்.

சுகந்தி பின்வாசல் வழியாக ஓடினாள். ரோஸ்லின் வீட்டு கேட்டில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். நீங்க மட்டும். அவள் மட்டும் பார்ப்பதென்றால் பெங்களூருக்கே போய்ப் பார்த்திருக்கலாம். இரண்டு முறை, சித்தி மகள் வீட்டு விசேஷம் என்று பொய் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தும் இருக்கிறாள். அந்த வீட்டு ஹாலில் அவள் மகளைக் கண் நிறையப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இந்த வீட்டு ஹாலில் ஒரு மனிதர் நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதுவும் அவள் சொன்ன ஒரு சொல்லால். கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

பீன்ஸ் தட்டு மேஜையில் இருந்தது. அவரே நறுக்கியிருந்தார், ஒரே அளவாக.

“பதினாலாவது சுத்து,” என்றார், திரும்பிப் பார்க்காமல். “ரெண்டு சிவப்பு அட்டை வாங்கிடுச்சு. இன்னொண்ணு வந்தா ரெண்டு நிமிஷம் ஓரமா நிறுத்தி வச்சுடுவான்.”

யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. திரையின் அட்டைப் பலகையில் பெயர் இல்லாத ஒரு வரியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. சுகந்தி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“நான்தாங்க,” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். முல்லை பையோடு நின்றது, தான் சொன்னது, கொஞ்ச நாள் என்றது, அப்புறம் கூப்பிடாமலே இருந்தது, பெனசிர் போட்டுக் காட்டியது. சொல்லி முடிக்கும்வரை அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“நாலு வருஷமா அந்த நிழலைப் பாக்கறேன்,” என்றார் கடைசியில். “முதல்ல, டிவிக்காரன் காட்ட மாட்டேங்கறான்னுதான் நினைச்சேன். எழுதிப் பார்த்தேன். அப்புறம் முழங்கையைப் பார்த்துட்டேன். அதுக்கப்புறம் வேற மாதிரி தோணிடுச்சு.”

“என்னன்னு?”

“அதுவே சொல்லியிருக்கும்னு. எங்க அப்பன் வீட்ல மட்டும் என்னைக் காட்டாதீங்கன்னு. நான் பேசின பேச்சுக்குச் சொல்லியிருந்தா அதுல தப்பு இல்லைன்னு விட்டுட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“நீ கதவைச் சாத்திக்கிட்டு இல்ல பேசறே,” என்றார் இளங்கோவன்.

அதற்குமேல் பேச நேரமில்லை. பதினாறாவது சுற்றில் ஒருத்தி பின்தங்கினாள். ஆட்கள் ஆறு, நிழல்கள் ஏழு. பதினெட்டில் ஆட்கள் நான்கு, நிழல்கள் ஐந்து. திரை இடையிடையே மேஜைக்காரர்களிடமும் ஒட்டகச்சிவிங்கியிடமும் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் இருவரும் முதலில் தரையைத்தான் பார்த்தார்கள். தெருவின் ஒரு முனைக்குப் போகும்போது நிழல்கள் முன்னால் ஓடின, திரும்பி வரும்போது பின்னால் இழுபட்டன. அங்கே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் மூன்று ஆள் நீளத்துக்கு இருந்த நிழல்கள் குறுகிக்கொண்டே வந்து, ஓர் ஆள் நீளத்துக்கு வந்துவிட்டன. போட்டி இன்னும் ஒரு மணி நேரம் நீண்டால் மகள் முழுதாகவே மறைந்துவிடுவாள் என்று சுகந்திக்குத் தோன்றியது.

“கையை இறுக்குது பாரு,” என்றார் இளங்கோவன். “முட்டி வலிக்குதோ என்னவோ.”

“வலிக்குதுன்னுதான் சொன்னா.”

“எந்த முட்டி?”

“வலது.”

அவர் தன்னையறியாமல் தன் வலது முட்டியைத் தடவிக்கொண்டார்.

கடைசிச் சுற்றில் எல்லைக்கோட்டை நெருங்கும்போது கொடிகளும் பதாகைகளும் தெருவின் இருபுறமும் நெருக்கி நின்றன. அவற்றின் நிழல்களில் அந்த ஒரு நிழல் கலந்துபோனது. சீனத்துப் பெண் கோட்டைத் தாண்டினாள், இன்னொருத்தி தாண்டினாள், ஸ்பெயின் பெண் தாண்டி முழங்காலில் விழுந்தாள். பிறகு வெறும் தெரு தெரிந்தது. அந்த வெறும் தெருவைப் பார்த்துக் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

முடிவுகளின் பட்டியல் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. ஐந்து. ஆறு.

“நாலாவது,” என்றார் இளங்கோவன். “உலகத்துலயே நாலாவது.”

அப்போதே மாற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று சுகந்தி எழுந்து திரை முன்னால் போய் நின்றாள். முல்லை அப்பா கண்ணுல படட்டும் என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. திரையின் கீழே ஒரு வரி ஓடியது: உங்கள் மனநிலை சீரான பிறகு மீண்டும் கூறவும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். பெயரைச் சொல்லும்போதே உடைந்தது. மறுபடி அதே வரி. எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறது பார் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரமும் செல்லாது.

“விடு,” என்றார் இளங்கோவன். “உக்காரு. தண்ணி குடி.”

அரை மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. முல்லைதான். பழக்கம் சுகந்தியின் காலைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கதவின் மேல் கை வைத்தபோது, பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

“இங்கேயே பேசேன், சுகந்தி. ஸ்பீக்கர்ல போடு.”

அவள் திரும்பினாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பையோடு அறுபது வாசலில் நின்றபோது எப்படி இருந்திருப்பார் என்பது இப்போது தெரிந்தது. அவள் ஹாலுக்கு வந்து போனை மேஜையில், நறுக்கிய பீன்ஸ் பக்கத்தில் வைத்தாள்.

“அம்மா, முடிஞ்சிடுச்சும்மா,” என்றது முல்லையின் குரல். மூச்சு இன்னும் அடங்கவில்லை. பின்னால் ஏதோ வாத்தியச் சத்தம். “நாலாவது. மெடல் இல்லை. பரவால்ல, கால் ரெண்டும் இருக்கு. சாப்பிட்டியா? டிவில காட்டினானா?”

இளங்கோவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த திரை அழுகிற யாரையோ காட்டிக்கொண்டிருந்தது. சுகந்தி அதற்கு முதுகைக் காட்டி, போனுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவது போல, போனின் ஓரத்தில் ஒட்டியிருந்த பீன்ஸ் நாரை எடுத்துவிட்டாள்.

“காட்டலைடீ,” என்றாள். குரல் நடுங்கவில்லை. “நான்தான் காட்ட வேணாம்னு சொல்லியிருந்தேன். உன்கிட்டயும் கொஞ்ச நாள்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா? அந்தக் கொஞ்ச நாள் முடிஞ்சுடுச்சு முல்லை. வீட்டுக்கு வா. வந்து அப்பா கண்ணு முன்னால நில்லு.”